புயலுக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறீர்களா? கரண்ட் இல்லாமலும் வேலை செய்யும் காவல்தான் உதவும்

சென்னையிலும் சுற்றிலும் வேளச்சேரி, முடிச்சூர், வரதராஜபுரம், அடையாற்றங்கரை என்று தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்தில் இருப்பவர்களை வெளியேறச் சொன்னால், பலரும் தயங்குவது திருட்டுப் பயத்தால்தான். "எல்லாரும் போயிட்டா வீட்டை யாரு பாத்துக்கறது?" என்று வயசான ஒருவரையோ காலேஜ் படிக்கும் பையனையோ மாடியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தோடு நிற்காமல் தண்ணீர் ஏறிய தெருக்கள் உண்டு. மாடியில் காவலுக்கு இருந்தவருக்கே அப்புறம் படகு தேவைப்படும். ஆளை விடாமல் வீட்டைக் காப்பதற்கு முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பூட்டும் வீடு வேறு, புயலுக்குப் பூட்டும் வீடு வேறு. சாதாரண நாளில் தெருவிளக்கு எரியும், எதிர்வீட்டில் ஆள் இருப்பார்கள், கேமரா போனுக்குப் படம் அனுப்பும், ரோந்து போலீஸ் வரும். புயலில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். காற்று வேகம் எடுத்ததும் மின்சாரத்தை முன்னெச்சரிக்கையாக நிறுத்துவார்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்த பிறகு பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் சரியாக இல்லை. காவல் நிலைய ஆட்கள் மீட்புப் பணிக்குப் போயிருப்பார்கள். வாட்ச்மேன் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கும். ஆகவே மின்சாரம், இன்டர்நெட், அடுத்தவர் கண் இந்த மூன்றையும் நம்பாத ஏற்பாடுதான் முதலில் வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு மேல் கூடுதல்.

இன்னொரு விஷயம். புயல் அடிக்கும் இரவில் திருடன் வருவது குறைவு. அவனுக்கும் அதே மழை, அதே இடுப்பளவு தண்ணீர். ஆபத்தான நாட்கள் தண்ணீர் வடிந்து, தெருவில் நடக்க முடிந்து, குடியிருப்பவர்கள் இன்னும் திரும்பாத அந்த இரண்டு மூன்று நாட்கள். வெளி ஆட்கள் நடமாட்டம் அப்போது சகஜமாக இருக்கும். யார் எவர் என்று கேட்க ஆள் இருக்காது. இந்த நாட்களைக் குறைப்பதும், அந்த நாட்களில் கதவு தாக்குப்பிடிப்பதும்தான் முக்கியம்.

நகை முதலில், அதுவும் சீக்கிரம்

வானிலை ஆய்வு மையம் புயல் பற்றிய முதல் தகவலை ஏறத்தாழ 72 மணி நேரம் முன்பும், அடுத்ததை 48 மணி நேரம் முன்பும், எச்சரிக்கையை 24 மணி நேரம் முன்பும் தரும். நகைக்கு அந்த 72 மணி நேரத் தகவலே சரியான நேரம். கரை கடக்கும் நாளில் பெரும்பாலும் விடுமுறை விட்டுவிடுவார்கள். வங்கி லாக்கர் திறக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. அது நிரம்பும் நேரத்தில் அடையாற்றில் உபரிநீர் திறப்பு அறிவிப்பு எந்த நேரத்திலும் வரலாம். குன்றத்தூர், திருமுடிவாக்கம், அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாஃபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் வரை அடையாற்றை ஒட்டியவர்கள் ராத்திரி ஒரு மணிக்கு நகையை எங்கே வைப்பது என்று யோசிக்கக் கூடாது.

லாக்கரும் முழுப் பாதுகாப்பு இல்லை. ரிசர்வ் வங்கியின் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, ஊழியர் மோசடி இவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைப் பேரிடருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. தங்கத்துக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. அதே லாக்கரில் பத்திரம் இருந்தால் நனைந்து வீணாகும். ஜிப் போட்ட தடிமனான பிளாஸ்டிக் கவரில் இரண்டு அடுக்காகப் போட்டு வையுங்கள். புதிதாக லாக்கர் எடுப்பவர்கள் கிளை தரைத்தளமாக இருந்தால் மேல் அடுக்கைக் கேட்டு வாங்குங்கள்.

லாக்கர் இல்லை என்றால் நகையைக் கையோடு எடுத்துப் போங்கள், ஆனால் கைப்பையில் அல்ல. படகில் ஏறும்போது பையை வேறொருவர் வாங்கி வைப்பார், இறங்கும்போது தேடுவீர்கள். உடைக்கு உள்ளே இடுப்பில் கட்டும் துணிப்பை நல்லது. மாநகராட்சிப் பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ முகாமில் தங்கினால் கழுத்தில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம். எடுத்துப்போக முடியாத அளவு இருந்தால், ஒரே இடத்தில் வைக்காமல் உறவினர் வீடு ஒன்றுக்குப் பாதியை முன்னதாகவே அனுப்பிவிடலாம்.

பீரோவில் விட்டுவிட்டுப் போவது பற்றி ஒரு வார்த்தை. பீரோ சாவியைப் புடவை அடுக்குக்குள்ளும், பீரோவுக்கு மேலேயும், சாமி படத்துக்குப் பின்னாலும் வைப்பது தமிழ்நாட்டுத் திருடர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பூட்டிய பீரோவை நெம்ப ஒரு கடப்பாரை போதும். லாஃப்டும் அப்படித்தான்: வெள்ளத்துக்குப் பயந்து எல்லோரும் பொருளை அங்கேதான் ஏற்றுவார்கள் என்று வருகிறவனுக்கும் தெரியும். லாஃப்ட் தண்ணீரிலிருந்து காப்பாற்றும், திருடனிடமிருந்து காப்பாற்றாது. அங்கே மிக்ஸி, பித்தளைப் பாத்திரம், துணிமணி, புத்தகம் ஏற்றுங்கள். தங்கம், ரொக்கம், லேப்டாப், அசல் ஆவணம் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. ரேஷன் கார்டை மறக்காமல் எடுங்கள்; 2023 மிக்ஜாம் புயல் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் கொடுத்தார்கள்.

கிளம்புமுன் நகைகளை வெள்ளைத் துணியில் பரப்பி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுங்கள். ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. குறியீடு பொறித்திருப்பார்கள், அதைப் பில்லோடு சேர்த்துப் படம் எடுத்து மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். போனில் *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் வரும். டிவி, லேப்டாப், இன்வெர்ட்டர் பின்பக்க சீரியல் எண்ணையும் படம் எடுங்கள். பிறகு புகார் கொடுக்கும்போது "ஒரு செயின், ஒரு டிவி" என்று சொல்வதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

கதவு

நம் ஊர் வீடுகளின் பெரிய பலவீனம் வாசல் கதவில் வெளியே தொங்கும் பூட்டு. தெருவில் நடக்கும் எவருக்கும் அது "ஆள் இல்லை" என்று சொல்லிவிடும். பின்வாசல் இருந்தால், முன்கதவை உள்ளே மேல், கீழ்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பின்பக்கமாக வெளியேறி அங்கே பூட்டுங்கள். பின்வாசல் இல்லை என்றால் கதவுக்குள் பதிக்கும் மார்ட்டிஸ் பூட்டு நல்லது. வெளியே சாவித்துளை மட்டும் தெரியும். கிரில் கேட்டில் போடும் பூட்டை உட்புறமாகக் கைவிட்டுப் போட முடிகிறதா பாருங்கள். கொண்டியை உட்பக்கம் வெல்டிங் செய்து மாற்றுவது ஒரு மணி நேர வேலை, ஆனால் புயல் அறிவித்த பிறகு வெல்டர் கிடைக்க மாட்டார். ஐப்பசி மழைக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

பூட்டை உடைப்பதாகச் செய்தியில் வந்தாலும், பல நேரம் உடைவது பூட்டு இல்லை. கொண்டியும் நாதாங்கியும் பெயர்ந்து வரும். முக்கால் அங்குல மர ஸ்குருவில் நிற்கும் கொண்டியைக் கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினால் ஸ்குருவோடு கையில் வரும். நல்ல திண்டுக்கல் பூட்டு அதில் தொங்கினாலும் பயன் இல்லை. கதவை முழுக்க ஊடுருவும் 8 மில்லிமீட்டர் போல்ட் நான்கு போட்டு, உள்பக்கம் அகலமான வாஷர் வைத்து நட்டு முடுக்குங்கள். வெளியே தெரியும் தலை உருண்டையாக, ஸ்பானர் பிடிக்காததாக இருக்க வேண்டும். நிலையில் தாழ்ப்பாள் நுழையும் தகட்டுக்கு மூன்று அங்குல ஸ்குரு போடுங்கள். அப்போதுதான் நிலைக்கட்டையின் ஆழம் வரை பிடிக்கும்.

வெள்ளத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பெட்ரூம், பின்வாசல் கதவுகள் பெரும்பாலும் ஃபிளஷ் டோர். சாதாரண பிளைவுட்டில் செய்தது ஒரு நாள் தண்ணீரில் நின்றால் அடுக்கு பிரிந்து ஊறிப்போகும். ஸ்குரு பிடிப்பு தளரும். தண்ணீர் வடிந்த மறுநாள் அதை உதைத்தாலே போதும். திருட்டுக்கு ஏற்ற அந்த நாட்களில்தான் கதவு பலவீனமாக இருக்கிறது. அதனால் தரைத்தளத்தில் உண்மையான தடுப்பு இரும்பு கிரில் கேட்தான், பின்வாசலுக்கும் சேர்த்து. தேக்கு, வேங்கைக் கதவு ஊறினால் வலுவிழக்காது, ஆனால் உப்பி நிலையில் மாட்டிக்கொள்ளும். திரும்பி வந்ததும் நீங்களே உடைத்துவிடாமல் ஒரு நாள் காய விடுங்கள்.

பூட்டுக்குள் சேறு போனால் சாவி திரும்பாது. கிளம்பும்போது சாவித்துளையில் கிராஃபைட் தூள் போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண்ணை இழுத்துப் பிசினாக்கும். தொங்கு பூட்டைச் சாவித்துளை கீழே பார்க்கத் தொங்கவிட்டு, பழைய சைக்கிள் டியூப் துண்டால் உறை போடுங்கள். திரும்பும்போது கையில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும் துருநீக்கி ஸ்பிரேயும் இருக்கட்டும். முதலில் தண்ணீரால் சேற்றைக் கழுவி, பிறகு ஸ்பிரே. மாற்றிச் செய்தால் சேறு எண்ணெயோடு சேர்ந்து இன்னும் இறுகும். டிஜிட்டல் பூட்டு போட்டவர்கள் அதன் இரும்புச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் கிளம்பக் கூடாது; பல மாடல்களில் சாவி பெட்டிக்குள்ளேயே, வீட்டுக்குள் கிடக்கும்.

முன்கதவை விட கவனம் குறைவாகக் கிடைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பாத்ரூம் வென்டிலேட்டர். லூவர் கண்ணாடியை வெளியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிவிடலாம். பின்னால் 12 மில்லிமீட்டர் கம்பி, நாலு அங்குல இடைவெளியில், சுவரில் பதித்திருக்க வேண்டும். ஜன்னல் கிரில் ஸ்குருவில் நிற்கிறதா என்று வெளியே போய்ப் பாருங்கள். நின்றால் ஸ்குரு தலையின் வெட்டைச் சுத்தியலால் அடித்து மழுக்குங்கள், அல்லது நாலு மூலையில் ஸ்பாட் வெல்டிங். இரண்டாவது மொட்டை மாடிக் கதவு. சென்னையில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் மாடிக்கு மாடி தாண்டுவது சுலபம். அங்கேயோ தகரக் கதவும் ஒரு சின்னத் தாழ்ப்பாளும்தான் பெரும்பாலும் இருக்கும். உள்ளே இரண்டு தாழ்ப்பாள், குறுக்கே ஒரு இரும்புப் பட்டை. ஆனால் மேல் போர்ஷனில் யாராவது தங்கியிருந்தால் மாடிக் கதவைப் பூட்டவே கூடாது. அவர்களுக்கு அதுதான் தப்பிக்கும் வழி.

மணல் மூட்டை அடுக்கப் பயன்படுத்திய மண்வெட்டி, கடப்பாரை, ஏணி, சவுக்குக் கம்பு எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுங்கள். திருடனுக்கு வேண்டிய கருவியை நாமே வாசலில் விட்டுவிட்டுப் போகிறோம்.

வெளியே இருக்கும் பொருளும் போகும். ஏசி அவுட்டோர் யூனிட்டின் காப்பர் குழாய், தண்ணீர் மோட்டார், பித்தளைக் குழாய், காலி சிலிண்டர் இவை பழைய இரும்புக் கடையில் உடனே காசாகும். மோட்டாரைக் கழற்றி மேலே வைப்பது தண்ணீருக்கும் நல்லது, திருட்டுக்கும் நல்லது. யூனியன் கப்ளிங் போட்டிருந்தால் கால் மணி நேர வேலை. அவுட்டோர் யூனிட்டுக்கு இரும்புக் கூண்டு.

கேமராவும் விளக்கும்

தரைத்தளத்தில் தண்ணீர் வர வாய்ப்பு இருந்தால் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மெயினை மட்டும் அணைத்தால் இன்வெர்ட்டர் வீட்டு வயரிங்குக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும்; தண்ணீர் பிளக் பாயின்ட் வரை ஏறினால் திரும்பி வரும் உங்களுக்குத்தான் ஆபத்து. அதனால் கேமரா இல்லை என்றே கணக்கு வையுங்கள்.

மாடி வீட்டிலோ ஃபிளாட்டிலோ இன்வெர்ட்டரை விட்டுப் போகலாம். எவ்வளவு நேரம் தாங்கும்? 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் ஏட்டுக் கணக்கு 1,800 வாட்-ஹவர். கைக்கு வருவது 1,100 அல்லது 1,200. நாலு கேமரா, படத்தைப் பதியும் டி.வி.ஆர். பெட்டி, ரவுட்டர் சேர்த்து 45 வாட், இன்வெர்ட்டர் தானே தின்பது 15 முதல் 20 வாட். பதினெட்டு மணி நேரம் வரும், ஒரு நாள் தாண்டாது. ஃபிரிட்ஜையும் ஃபேனையும் அணைக்காமல் போனால் அதுவும் வராது. நமக்கு வேண்டிய நாட்கள் அதற்குப் பிறகு வருகிறவை.

எனவே கேமராவில் காசு போடுவதானால் பேட்டரியில் ஓடும், மெமரி கார்டில் பதியும், ஆள் உருவம் தெரிந்தால் மட்டும் விழிக்கும் வகை வாங்குங்கள். வெறும் அசைவைப் பிடிக்கும் வகை காற்றில் ஆடும் கிளையையும் மழையையும் படம் எடுத்தே பேட்டரியைத் தீர்த்துவிடும். தொடர்ந்து பதிவு செய்தால் வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு நாளுக்கு 11 ஜி.பி. கிட்ட ஆகும், 64 ஜி.பி. கார்டு ஐந்தாறு நாளில் பழையதை அழிக்க ஆரம்பிக்கும். சிம் போட்ட கேமரா இருந்தாலும் டவருக்கு மின்சாரம் இல்லாவிட்டால் தகவல் வராது. கார்டில் பதிந்தது மட்டும் மிஞ்சும். டி.வி.ஆர். வைத்திருப்பவர்கள் அதை டிவி ஸ்டாண்டிலிருந்து எடுத்து மேலே மறைவாக, காற்றோட்டத்தோடு வையுங்கள். வருகிறவன் முதலில் தூக்குவது அதைத்தான்.

சோலார் விளக்கு புயல் மேகத்தில் இரண்டு மூன்று நாள் சார்ஜ் ஏறாது. வெயில் வந்த பிறகு, அதாவது நமக்கு வேண்டிய நேரத்தில், அது திரும்ப எரியும். அதனால் ஒன்று வாங்கி ஸ்குருவில் மாட்டலாம். டபுள் டேப்பில் ஒட்டினால் அடுத்த தெருவில் கிடக்கும். டைமர் போட்டு ஹால் விளக்கை எரியவிடும் யோசனை புயலுக்கு ஆகாது.

அக்கம்பக்கம்

வாசலில் கோலம் இல்லாததை வைத்துப் பூட்டிய வீட்டைக் கண்டுபிடிப்பார்கள் என்று சொல்வதுண்டு. மழை நாளில் யார் வாசலிலும் கோலம் இருக்காது, அந்த வகையில் எல்லா வீடும் ஒன்றுதான். பால் பாக்கெட்டும் பேப்பரும் அப்படி இல்லை, நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

உள்ளூர் காவல் நிலையத்தில் முகவரி, போகும் நாள், போன் எண், சாவி இருக்கும் பக்கத்து வீட்டு எண் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ரோந்து வந்தே தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள்; பிறகு புகார் கொடுக்க நேர்ந்தால் வீடு எப்போதிலிருந்து பூட்டியிருந்தது என்பதற்கு அது ஆதாரம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "திருச்சிக்கு வந்துட்டோம்" என்று போடாதீர்கள். சாவியை மீட்டர் பாக்ஸ், செருப்பு ஸ்டாண்டு, துளசி மாடம் எதிலும் ஒளிக்க வேண்டாம்.

ஃபிளாட் அசோசியேஷன் இருந்தால் வேலை சுலபம். ஒரே ஒரு கேட்டைத் திறந்து வைத்து மற்றதைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். மேல்தளத்தில் தங்குபவர்கள் யார் என்று ஒரு பட்டியல், கேட்டில் ஒரு நோட்டு. நிவாரணக் கணக்கெடுப்பு, ஈ.பி., கேஸ் என்று யார் வந்தாலும் அடையாள அட்டையைப் பார்த்து எழுதி வாங்கிய பிறகு உள்ளே விடுங்கள். தனி வீட்டுத் தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, தண்ணீர் வடிந்த முதல் நாளே பகலில் இருவர் போய் எல்லா வீட்டையும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வரலாம். மரம் விழுந்து காம்பவுண்டு சுவர் இடிந்திருந்தால் அன்றே தகரம் வைத்து அடைக்க வேண்டும்.

தண்ணீருக்குப் பயந்து காரை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துபவர்கள் ஆர்.சி. புத்தகம், ஸ்பேர் சாவி, வீட்டுச் சாவி எதையும் டேஷ்போர்டில் விடாதீர்கள். காரில் முகவரியும் வீட்டுச் சாவியும் சேர்ந்து கிடந்தால் இரண்டும் போகும்.

திரும்பி வந்ததும்

கதவு திறந்து கிடந்தால் உள்ளே நுழையாதீர்கள். 100 அல்லது 112-க்கு அழையுங்கள். வெள்ளச் சேற்றில் கால் தடம் தெளிவாகப் பதியும். நாம் உள்ளே நடந்து பார்த்தால் அது போச்சு. ஊரிலிருந்து இன்னும் வர முடியாத நிலையில் பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்தால், இருக்கும் ஊரின் காவல் நிலையத்திலேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆன்லைனில் தகவல் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பினால் விடாதீர்கள். இன்சூரன்ஸ்காரர்கள் எஃப்.ஐ.ஆர்.தான் கேட்பார்கள். அதன் நகல் இலவசம்.

இன்சூரன்ஸ் பக்கம் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில், புயல், வெள்ளம் போன்ற காப்பீட்டுக்குள் வரும் நிகழ்வின் காரணமாக நடந்த திருட்டுக்கும் இழப்பீடு உண்டு, ஆனால் அந்த நிகழ்விலிருந்து ஏழு நாளுக்குள் நடந்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் எப்போது திருடுபோனது என்று உங்களால் நிரூபிக்க முடியாது. ஏழு நாளுக்குள் ஒருவர் போய்ப் பார்த்து, தேதி தெரியும்படி போட்டோ எடுப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். நகை இந்தப் பாலிசியில் தானாகச் சேராது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இன்சூரன்ஸ் சர்வேயர் வரும் வரை உடைந்த கொண்டி, பெயர்ந்த நிலை எதையும் குப்பையில் போடாதீர்கள்.

சேற்றை வாரக் கூலி ஆள் வைக்கும் நாட்களிலும் பொருள் போகும்: கதவு முழுக்கத் திறந்திருக்கும், பீரோ வாசலில் காயும், யார் உள்ளே போகிறார்கள் என்று தெரியாது. ஒரு அறையை முதலில் கழுவி முடித்து, மீட்ட பொருளை அதில் வைத்துப் பூட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். புயல் நேரத்தில் சாவி வேறு கைக்குப் போயிருந்தால் பூட்டை மாற்றிவிடுங்கள். மார்ட்டிஸ் என்றால் முழு செட் வாங்க வேண்டியதில்லை. கதவின் விளிம்பில் இருக்கும் நீளமான ஸ்குருவைக் கழற்றி, சாவியை லேசாகத் திருப்பினால் சிலிண்டர் வெளியே வரும். அதை எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்; 60, 70 மில்லிமீட்டர் என்று அளவு மாறும், கண் மதிப்பில் வாங்கினால் பொருந்தாது.